பியானோவுக்கு ஒரு மரப்பெட்டி

“ஐயையோ... அதை எடுங்க! முதல்ல அதை எடுங்க!”

அமுதவல்லி போட்ட சத்தத்தில், பட்டறையில் பொறி பறக்க ஓடிக்கொண்டிருந்த வெல்டிங்கூட ஒரு நொடி நின்றுவிட்டது.

அவள் எடுக்கச் சொன்னது ஒரு டீ கிளாஸை. டெம்போவின் மேல் போர்வைக்குள் நின்றிருந்த அந்தப் பெரிய பொருளின் முன்பக்கம் மேசைபோல் கொஞ்சம் நீண்டிருந்தது. அந்த இடத்தில் ஆவி பறக்கும் கிளாஸை வைத்துவிட்டு, நனைந்த தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டிருந்தான் அவன். முழங்கை வரை மடித்துவிட்ட நீலச் சட்டை... புருவத்தில் ஒட்டியிருந்த மரத்தூள்...

“ஏனுங்க, பீரோ மேல ஒரு கிளாஸ் வெச்சா என்னங்க ஆயிரும்?”

“பீரோவா? இது பியானோங்க!”

அவன் கிளாஸை எடுத்தான். போர்வையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். மழையில் நனைந்து, மை கரைந்து, கோபத்தில் இன்னும் பெரிதாகிப்போன இரண்டு கண்கள். அவ்வளவு நேரம் அந்தக் கண்களை ஒரு அந்நிய ஆள் பார்த்தால் அமுதவல்லிக்குப் பிடிக்காது. ஆனால் இந்தப் பார்வையில் குறும்பு எதுவும் இல்லை. பாதிப் பேச்சில் வார்த்தை மறந்துபோனவன் மாதிரி நின்றான்...

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. சேலம் அம்மாபேட்டையிலிருந்து கிளம்பும்போது வெயில்தான். ஆண்டகளூர் கேட்டைத் தாண்டியதும் வானம் இருண்டது. புதுச்சத்திரம் வருவதற்குள் டெம்போவின் பின்சக்கரம் வெடித்தது. பக்கத்தில் இருந்த ஒரே கூரை இந்த லாரி பாடி கட்டும் பட்டறை. முன்பின் தெரியாத நாலைந்து பேர் ஓடிவந்து வண்டியை உள்ளே தள்ளிவிட்டார்கள். டெம்போ டிரைவர் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போய்விட்டார்.

“எதுவரைக்கும் போவுதுங்க இது?”

“நாமக்கல்ல லாரி ஆபீஸ். அங்கிருந்து ஷில்லாங்.”

“மேகாலயாவுக்குங்களா?” அவன் டெம்போவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். மூன்று போர்வை. ஒரு தேங்காய் நார்க் கயிறு. “இந்தக் கட்டோடவா?”

அவன் சிரிக்கவில்லை. ஆனால் உதட்டோரம் சிரிப்பு காத்துக்கொண்டிருந்தது. அது போதாதா அவளுக்கு!

“எனக்குக் கட்டத் தெரியும். நீங்க உங்க வேலையைப் பாருங்க.”

அவன் ஓரத்தில் கயிற்றைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான். அம்மாபேட்டையிலிருந்து இங்கே வருவதற்குள் கயிறு போர்வையை அறுத்து, உள்ளே பளபளத்த பழுப்பு மரத்தில் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தது.

அமுதவல்லி அந்தக் கோட்டை விரலால் தொட்டாள். சட்டென்று கண் நிறைந்துவிட்டது.

ஏற்காட்டில் ஒரு பங்களா கைமாறியபோது, மூலையில் தூசி படிந்து கிடந்த பியானோ அது. கான்வென்டில் ஒரு கன்னியாஸ்திரீயிடம் கற்றுக்கொண்ட வித்தைக்கு, அவள் சொந்தமாகச் சேர்த்துக்கொண்ட ஒரே துணை. சென்னை, பெங்களூர், புதுச்சேரி, மறுபடி சேலம் என்று அவள் வேலை மாறிய ஊர் எதற்கும் அதைக் கொண்டுபோனதில்லை. இந்த முறைதான் விட்டுப் போக மனசு வரவில்லை. எங்கே போனாலும் ஒரு வருஷத்துக்குள் மனசு வாசலில் வந்து செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கும்... “உனக்கு எந்த ஊர்லதாம்மா கால் தரிக்கும்?” என்று இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பா கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார். பூஜை விடுமுறை முடிந்ததும் ஷில்லாங்கில் ஒரு பள்ளியில் இசை ஆசிரியை வேலை என்று சொன்னதிலிருந்து அவர் முகம் கொடுத்துப் பேசுவதும் இல்லை. சேலத்தில் கேட்ட பேக்கிங்காரர்கள் எல்லாரும் பியானோ என்றதும் கையை விரித்தார்கள். கடைசியில் அவளே போர்வையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

“அழாதீங்க...” அவன் பதறிப்போனான். “நான் கட்டித் தாரேனுங்க. லாரிக்கே பாடி கட்டறோம்... இதுக்கு ஒரு பொட்டி கட்ட மாட்டமா?”

“பியானோவைப் பார்த்திருக்கீங்களா நீங்க?”

“சினிமாலதானுங்க.”

கண்ணீரோடு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே மழையும் அந்த நேரம் பார்த்துக் கொஞ்சம் தணிந்தது.

அவன் பெயர் மதியழகன்.

*

பாரம் தூக்கும் செயின் பிளாக்கில் பெல்ட் மாட்டி பியானோவை டெம்போவிலிருந்து இறக்கியபோது, பிரசவ அறை வாசலில் நிற்பவள் போல் அமுதவல்லி கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். மறுநாளிலிருந்து காலையில் சேலத்தில் பஸ் ஏறி பட்டறைக்கு வருவது அவள் வேலையாகிவிட்டது.

முதல் நாளே சண்டை.

“மல்லாக்கப் படுக்க வெச்சுட்டா ஆடாதுங்க. பெரிய சாமானெல்லாம் அப்படித்தான் போவும்.”

“படுக்க வெச்சா போச்சு! இது நின்னபடிதான் போகணும். வாசிக்கிற ஒவ்வொரு கட்டைக்கும் உள்ள ஒரு சுத்தியல் இருக்கு. எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துடும்.”

“அப்படிங்களா... உள்ள பாக்கலாமுங்களா?”

அவள் மேல்மூடியைத் திறந்தாள். அவன் டார்ச்சோடு தலையை உள்ளே விட்டான். வெளிச்சத்தை மேலும் கீழும் ஓட்டினான். பிறகு உள்ளிருந்து ஒரு குரல்...

“ஏனுங்க... இது நம்ம லாரி சேஸிஸ் மாதிரியே இருக்குதுங்க!”

தலையை வெளியே எடுத்தபோது அவன் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். வார்ப்பிரும்புச் சட்டம், அதில் முறுக்கி இழுத்த கம்பிகள், பாரத்தைத் தாங்கும் அடிக்கட்டை. எல்லாம் அவனுக்குத் தெரிந்த பாஷையில் பேசிவிட்டன போலிருந்தது. குனிந்து அடியில் இருந்த சின்னச் சக்கரங்களைத் தட்டிப் பார்த்தான்.

“இந்த வீலு மேல பாரம் நிக்கக் கூடாதுங்க. ஒரு பள்ளத்துல வண்டி எறங்குனா காலே பிச்சுக்கும். அடியில கட்டை குடுத்து வீலைத் தொங்க விட்டரலாம்.”

அது அவளுக்குத் தோன்றவே இல்லை. ஒப்புக்கொள்ள மனசும் இல்லை. “ம்... சரி” என்றாள், பெரிய சலுகை கொடுப்பதுபோல.

அடுத்த நாள் அவன் எங்கிருந்தோ ஒரு கட்டு முட்டை அட்டைகளைச் சுமந்துகொண்டு வந்தான்.

“இது எதுக்கு?”

“எங்க ஊரு முட்டை அரபு நாட்டுக்கே இதுலதானுங்க உடையாமப் போவுது. பியானோ போவாதுங்களா?”

“அங்க எப்பவும் மழை. அட்டை ஈரத்தை உறிஞ்சி மரத்துக்குக் குடுத்துடும். என் பியானோ ஆம்லெட் ஆயிடும்!”

பட்டறையே சிரித்தது. மதியழகன் காது சிவக்க அட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, ஃபோமும் ரப்பர் துண்டுகளுமாகத் திரும்பி வந்தான். பிறகு இருவரும் சேர்ந்துதான் எல்லாம் செய்தார்கள். கட்டைகளின் மேல் அவள் மெல்லிய கம்பளித் துணியை விரித்து மூடியைப் பூட்டினாள். அவன் மடிப்பு விழாமல் போர்வை சுற்றினான். அவள் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிச் சுற்றி இழுத்து வந்தாள். அவன் மறுபக்கம் வாங்கி இழுத்தான். வாங்கும்போது விரல் பட்டுவிட்டால் இரண்டு பேருமே அவசரமாக வேறு எதையோ தேடினார்கள்... சுத்தியலையோ... கத்திரியையோ...

மதியம் ஆனால் பட்டறைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து அவன் அம்மா அங்கம்மாளின் குரல் வரும்.

“ஊட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்புட்டுப் போ சாமி! பஸ்ஸுல வந்தது, முகமே வாடிக் கெடக்குது.”

அப்படி ஒரு மதியத்தில், சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவளின் விரல்கள் வழக்கம்போல மேசையில் ஓடிக்கொண்டிருந்தன. சும்மா இருக்கத் தெரியாத விரல்கள். வீட்டிலும் பஸ்ஸிலும் ஆசிரியர் அறையிலும் எல்லாரும் ‘நிறுத்தேன்’ என்று சலித்துக்கொண்ட விரல்கள்.

“அது என்ன பாட்டுங்க?” என்றான் மதியழகன்.

“எது?”

“இப்ப விரல்ல வாசிச்சீங்களே.”

அவள் அவனையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட இதைக் கேட்டதில்லை...

“நானே போட்டது. இன்னும் முடியலை” என்றாள். தன் குரல் இவ்வளவு மெதுவாக வருமா என்று அவளுக்கே ஆச்சரியம்.

“முடிச்சதும் சொல்லுங்க. எனக்கும் முடியாம நிக்கறது ஒண்ணு இருக்குதுங்க. நான் கட்டுன வண்டியெல்லாம் காஷ்மீர் வரைக்கும் போயிருக்குதுங்க... நான் ஓசூரைத் தாண்டினதில்லை. நான் காலேஜ் முடிச்ச உடனே அப்பா தவறிட்டாரு. பட்டறை என் தலையில வந்துது. புதுப் பெயின்ட் அடிச்சு ஒவ்வொரு வண்டியா ரோட்டுல ஏறிப் போறப்ப, நானும் கேட்டுல நின்னு பார்ப்பேன். மனசு அது பின்னாலயே ஓடும்... ஆளு மட்டும் இங்கயே நிப்பேன்.”

அன்று பஸ்ஸில் சேலம் திரும்பும்போது, ஜன்னலுக்கு வெளியே மின்னல் வெட்டிக்கொண்டிருந்தது. போக வேண்டிய ஊரைப் பற்றித்தான் எப்போதும் நினைப்பாள். இன்று மனசு ஏன் வந்த வழியிலேயே திரும்பிப் பார்க்கிறது? அமுதவல்லிக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

*

வியாழக்கிழமை பெட்டி அடைபட்டு நின்றது. கெட்டிப் பலகை, மூலைக்கு மூலை இரும்புப் பட்டை, அடியில் இரண்டு பெரிய சறுக்குக் கட்டை. லாரிகளுக்குப் பூவும் மயிலும் வரையும் பெயின்டர், பெட்டியின் நான்கு பக்கமும் மேல்நோக்கி அம்பு போட்டு, ‘படுக்க வைக்காதே’ என்று தமிழிலும் இந்தியிலும் சிவப்பில் எழுதியிருந்தார்.

“இன்னைக்கே ஏத்திடலாமா? வண்டி நாளைக்குக் கிளம்பும்னு லாரி ஆபீஸ்ல சொன்னாங்க” என்றாள்.

மதியழகன் பெட்டியைத் தடவினான். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். “பெயின்ட் காயலீங்க. மழைக் காத்து... நாளைக்குக் காலையில ஏத்திக்கலாமுங்க.”

வெள்ளிக்கிழமை காலை அவள் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போதே லாரி ஆபீஸிலிருந்து போன் வந்தது. லோடு நிறைந்துவிட்டதாம். ஷில்லாங் வழியில் கௌகாத்தி வரை போகும் லாரி விடியும் முன்னே கிளம்பிவிட்டதாம். அடுத்த வண்டி எப்போது என்று அவர்களுக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ரயில்.

மூச்சு வாங்கப் பட்டறைக்கு வந்தபோது வாசலில் அங்கம்மாள்தான் நின்றிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

“அடக் கடவுளே! பொட்டியில அடிச்ச பெயின்ட் நேத்துக் காலையிலயே காஞ்சு போச்சே சாமி! இன்னும் எதுக்கு அதைத் தடவிக்கிட்டே இருக்கறான்னு நானே கேட்டனே...”

அமுதவல்லி உள்ளே போனாள். மதியழகன் பெட்டியின் பக்கத்தில்தான் நின்றிருந்தான். அவனுக்கும் அதற்குள் செய்தி வந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது.

“பெயின்ட் காய்ஞ்சிருந்துதா?”

“ஆமாங்க.”

“பின்ன ஏன் பொய் சொன்னீங்க?”

அவன் பெட்டியின் இரும்புப் பட்டையை விரலால் தேய்த்தான்.

“ஏன்னு கேக்கறேன்!”

“வண்டி முன்னாலயே போவும்னு சத்தியமா நினைக்கலீங்க...”

“நான் கேட்டது அது இல்லை.” அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். “ஒவ்வொரு தடவை நான் கிளம்பும்போதும் யாராவது ஒரு காரணம் சொல்லி நிறுத்துவாங்க. அப்பா உடம்பு சரியில்லைம்பார். சொந்தக்காரங்க வயசாச்சும்பாங்க. நீங்க பெயின்ட் காயலைன்னீங்க. அவ்வளவுதான் வித்தியாசம். உங்களை நான் வேற மாதிரி நினைச்சிருந்தேன்.”

எப்படி நினைத்திருந்தாள் என்று அவன் கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாளோ! அவன் கேட்கவில்லை. தலை குனிந்து நின்றவனை விட்டுவிட்டு அவள் வெளியேறினாள். ரோட்டில் கையைக் காட்டி, நின்ற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவள் அழுதாள்.

மறுநாள் அவனிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. ‘சேலத்துல ஜவ்வரிசி ஏத்தற வண்டி ஒண்ணு கௌகாத்தி போவுதுங்க. பெட்டி அதுல வருது. டிரைவர் மருதாசலம் அண்ணன் நம்பர் அனுப்பியிருக்கேன். மன்னிச்சிருங்க.’

மூன்று முறை பதில் எழுதினாள். மூன்றையும் அழித்தாள். இந்தப் பாழாய்ப்போன ரோஷம்...

*

ரயிலில் தொடங்கி அவளுக்கு வேறு வேலையே இல்லை. போனை எடுப்பதும் மருதாசலத்தைக் கூப்பிடுவதும்தான்.

“விஜயவாடா தாண்டிட்டோம் அம்மிணி. பொட்டி கல்லு மாதிரி நிக்குது.”

“கயிறு தளர்ந்திருக்கான்னு பார்த்தீங்களாண்ணே?”

ஒரு நிமிஷம் லாரி இரைச்சல். யாரோ ஏதோ கிசுகிசுக்கும் சத்தம். பிறகு மருதாசலம், “கயிறு இல்லீங்க, பெல்ட்டு. காலையிலயும் சாயங்காலமும் இறுக்கிப் பாக்கறமுங்க” என்பார்.

ஒடிசாவில் பெரிய மழை என்று கேட்டு அவள் தவித்துப்போய்க் கூப்பிட்டபோது, “தார்ப்பாயி ரெண்டு போட்டிருக்குது அம்மிணி” என்றார். அதற்குப் பின்னால் இன்னொரு குரல் தாழ்ந்து ஒலித்தது... “மூணுண்ணா, மூணு...”

அமுதவல்லி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ச்சே, பிரமை! கூட வரும் டிரைவராக இருக்கும். புதுச்சத்திரத்துப் பட்டறையில் இருக்கிறவன் ஒடிசா மழையில் எதற்கு வரப்போகிறான்?

ஷில்லாங் அழகாகத்தான் இருந்தது. பைன் மரங்கள், பாடிக்கொண்டே பள்ளிக்கு வரும் குழந்தைகள், மேகம் உள்ளே எட்டிப் பார்க்கும் வகுப்பறை. எல்லாரும் அன்பாகத்தான் பேசினார்கள். ஆனாலும் இசை அறையின் காலி மூலையைப் பார்க்கும்போதெல்லாம் அவளால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்குப் போவாள்... திரும்பி வருவாள்... மறுபடி போவாள். பியானோவுக்குத்தான் இந்தத் தவிப்பு என்று தனக்குத்தானே அடித்துச் சொல்லிக்கொண்டாள். நம்பத்தான் முடியவில்லை.

சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு மதியம், கௌகாத்தியில் ஜவ்வரிசி மூட்டைகளோடு இறங்கிய பெட்டியை ஏற்றிக்கொண்டு ஒரு சின்ன லாரி மேடேறி வந்து பள்ளி வாசலில் நின்றது. அவள் குடையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

பெட்டி நின்றபடி வந்திருந்தது. சிவப்பு அம்புகள் எல்லாம் வானத்தைப் பார்த்தபடி. அதன் பக்கத்தில், தார்ப்பாய்க்குக் கீழே, கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெட்டியில் ஒரு கையை வைத்தபடி...

தாடி. தூசி. தூங்காத கண்கள்.

“மதி...”

அவன் இறங்கினான். குளிரில் பல் தந்தியடித்தது. “மருதாசலம் அண்ணனுக்குக் கூடப் போற டிரைவர் வரலீங்க. என்கிட்ட ஹெவி லைசென்ஸ் இருக்குது. அதான்...” என்றவன், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். “மொதல்ல பொட்டியைப் பிரிச்சிரலாமுங்க. பியானோவுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நான் பேசறதுக்கு ஒண்ணுமில்லை.”

பள்ளி ஊழியர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து பெட்டியை இசை அறைக்குத் தள்ளி வந்தார்கள். மதியழகன் ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினான். பலகை விலகியது. பிளாஸ்டிக் தாள், போர்வை, ஃபோம்... ஒவ்வொன்றாக உரிய உரிய அமுதவல்லி இன்னும் கிட்டே வந்தாள். அவன் ஊசி முனை அளவுக்குக்கூட ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தான்.

அவள் மூடியைத் திறந்தாள். கம்பளித் துணியை எடுத்தாள். நின்றபடியே இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரைக்கும் ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டு போனாள். எதுவும் ஒட்டவில்லை. எதுவும் உடையவில்லை. மூன்று நான்கு கம்பிகள் மட்டும் கொஞ்சம் சுருதி தளர்ந்திருந்தன, நெடும் பயணம் வந்த மனிதர்களின் குரல் போல.

ஊழியர்கள் கைதட்டிவிட்டுக் கலைந்தார்கள். அறையில் சாரலின் சத்தம் மட்டும் மிஞ்சியது.

“அன்னிக்கு ஏன்னு கேட்டீங்க...” மதியழகன் சுவரைப் பார்த்துத்தான் பேசினான். “பொட்டி போனா நீங்க பட்டறைக்கு வர மாட்டீங்க. இன்னும் ஒரு நாளு... ஒரே ஒரு நாளு நீங்க வரட்டும்னு நினைச்சுட்டேன். தப்புங்க. உங்களை நிறுத்தறதுக்கு எனக்கு என்ன உரிமை? அதான், நிக்கச் சொல்லாம... நானே கெளம்பிட்டேன்.”

அவள் கையிலிருந்த கம்பளித் துணியை மடித்தாள், பிரித்தாள்.

“உங்களைப் புடிச்சிருக்குதுங்க. இதைச் சொல்லத்தான் வந்தேன். பதில் சொல்லோணும்னு இல்லை. நான்... வாரேனுங்க.”

அவன் திரும்பி வாசல்வரை போய்விட்டான்.

“ஏங்க, வண்டி எங்க வருதுன்னு ஊர் ஊரா விசாரிச்சேனே, அது பெட்டிக்காக மட்டும்தான்னு நினைச்சீங்களா?”

அவன் கால் நின்றது.

“அந்தப் போன்ல யாரோ ‘மூணு’ன்னு சொன்னப்ப எனக்கு எப்படி இருந்துதுன்னு தெரியுமா? அது நீங்களா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். இருக்கக் கூடாதுன்னும் வேண்டிக்கிட்டேன்.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கு எந்த ஊரும் ஒரு வருஷத்துக்கு மேல ஒட்டாது. இந்த ஊரும் ஒட்டுமான்னு தெரியாது. அப்படிப்பட்டவளைப் புடிச்சிருக்குன்னு சொல்றீங்களே, யோசிச்சீங்களா?”

“யோசிக்க ரோடு நெறைய இருந்துச்சுங்க” என்றான் அவன். “நீங்க எந்த ஊருக்குப் போனாலும் வாரேன். பட்டறையை எங்க மாமா பாத்துக்குவாரு, வருஷத்துல பாதி நாளைக்கு. மீதி நாளைக்கு நான் போயிக்குவேன். எப்படியோ சமாளிச்சுக்கலாமுங்க.”

“போனை எடுங்க.”

“எதுக்குங்க?”

“உங்கம்மாவுக்குப் போட்டுக் குடுங்க. நான் பேசணும்.”

அவன் குழப்பத்தோடு போட்டுக் கொடுத்தான். நான்கைந்து மணியடித்தபின் அந்தப் பக்கம் அங்கம்மாளின் குரல் கேட்டது. “சாமி! போய்ச் சேந்தயா? அந்தப் புள்ளை உன்கூடப் பேசுச்சா?”

“நான்தாம்மா பேசறேன், அமுதவல்லி.” அவள் மதியழகனின் கண்களை நேராகப் பார்த்தாள். “குளிர்கால லீவுக்கு ஊருக்கு வரேம்மா. பொங்கல் முடிஞ்சு ஒரு நல்ல நாள் பாருங்க... அம்மாபேட்டைக்குப் பொண்ணு பார்க்க வாங்க. அப்பாகிட்ட இன்னைக்கே நான் பேசிடறேன்.”